புதியது என்று விற்ற கிராஸ்போ: மான் வேட்டைக்கு வாங்குபவர்கள் கவனத்திற்கு

பென்சில்வேனியாவில் இந்த சீசனுக்குக் கிராஸ்போ (துப்பாக்கி போல விசையை இழுத்து அம்பு எய்யும் வில்) வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், யாரோ வாங்கிப் பாழாக்கித் திருப்பிக் கொடுத்த வில்லைப் புதியது என்று சொல்லி 900 டாலருக்கு என் தலையில் கட்டினார்கள். பணம் போனதை விட, அந்த வில் என் முகத்துக்கு அருகில் வெடித்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைக்காரர் பேசியதெல்லாம் வேகம் ஒன்றைப் பற்றித்தான். நொடிக்கு 430 அடி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். பெட்டியில் போடும் அந்த எண் பெரும்பாலும் எடை குறைந்த அம்பை வைத்து அளந்தது. வேட்டைக்கு ஏற்ற கனமான அம்பைப் போட்டால் குறைந்துவிடும். அப்படியே கிடைத்தாலும் என்ன பயன்? காட்டில் மானை அடிப்பது பெரும்பாலும் 40 கஜத்துக்குள்தான். அந்தத் தூரத்தைக் கடக்க 400 அடி வேக அம்புக்கு 0.3 நொடி ஆகும், 350 அடி வேக அம்புக்கு 0.34 நொடி. நாண் விடுபடும் சத்தமோ 0.1 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். எந்த வில்லை வாங்கினாலும் சத்தம் முந்திக்கொள்ளும், மான் உடம்பைத் தாழ்த்திவிடும். ஆகவே சத்தம் குறைந்த, கையில் அடங்கும் எடையுள்ள, குறி மாறாத வில்தான் வேண்டும். இதைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் காட்டி விற்பவரை நம்பாதீர்கள்.

பயிற்சியில் ஆரம்பம் முதலே அம்புகள் ஒரே இடத்தில் விழவில்லை. 20 கஜத்திலேயே இடமும் வலமுமாகச் சிதறின. கடைக்குப் போன் செய்தால் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் கண்ணாடியை, சரியாகத் திருகவில்லை என்று என் மேலேயே பழியைப் போட்டார்கள். எங்கள் வில் கிளப்பில் சொல்லித்தரும் பெரியவர் வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்ப் (வில்லின் வளையும் கை) நெடுக மெதுவாகத் தடவினார். நுனியில் ஒரு இடத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத விரிசல். நாணின் நடுவே சுற்றியிருக்கும் நூலும் பிரிந்திருந்தது, ஒரு பக்கக் கேம் (நாண் சுற்றி ஓடும் சக்கரம்) லேசாகச் சாய்ந்திருந்தது. “இதை யாரோ டிரை ஃபயர் செய்திருக்கிறார்கள், இனி தொடாதே” என்றார்.

அம்பு வைக்காமல் விசையை இழுப்பதுதான் டிரை ஃபயர். அம்பைத் தள்ள வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி லிம்ப், கேம், நாண் எல்லாவற்றையும் உலுக்கிவிடும். அப்படிப்பட்ட வில் அடுத்த முறை இழுக்கும்போதே உடையலாம்.

தயாரிப்பு நிறுவனத்துக்கு சீரியல் எண்ணை அனுப்பிக் கேட்டேன். அது ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தது. அது மட்டுமல்ல, அந்தக் கடை அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற டீலரே இல்லை, அதனால் வாரன்ட்டியும் கிடையாது.

அம்பிலும் ஏமாற்றியிருக்கிறார்கள். கையேட்டில் அரைவட்ட நாக் (அம்பின் பின்னால் நாணில் உட்காரும் முனை) உள்ள அம்பு மட்டும் என்று எழுதியிருக்க, தட்டை நாக் அம்புகளைக் கூடவே சேர்த்து விற்றார்கள். பொருந்தாத நாக் நாணில் சரியாக உட்காராது. நாண் அம்பின் மேலே ஏறிப் போனால் அதுவும் டிரை ஃபயர்தான். ஏற்கெனவே விரிசல் விட்ட வில்லுக்கு இப்படி ஒரு அம்பு!

வாங்குவதானால் கடையிலேயே பஞ்சைத் தடவிப் பாருங்கள், அங்கேயே நின்று சீரியல் எண்ணைப் பதிவு செய்து பாருங்கள். நாண் ஏற்றிய வில்லை அம்பு எய்யாமல் இறக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள், பல மாடல்களில் கிடையாது. நாண் ஏற்றும் கயிறு வைத்து இழுத்தால் பாரம் பாதியாகும், அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். மாநில விதியும் முக்கியம். பென்சில்வேனியாவில் 2009 முதல் வில் வேட்டைக் காலத்தில் கிராஸ்போவுக்கு அனுமதி உண்டு, ஆனால் குறைந்தது 125 பவுண்ட் இழுவிசை இருக்க வேண்டும். ஓரிகானில் வேட்டைக்குக் கிராஸ்போவே கூடாது. (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம்.)

இப்படி ஒரு வில்லோடு காட்டுக்குப் போயிருந்தால் அம்பு தொடையிலோ வயிற்றிலோ பட்டு, மான் எங்கோ ஓடிக் கிடந்து துடித்துச் செத்திருக்கும். வேட்டைக்காரனுக்கு அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

கடை முதலில் கைவிரித்தது. கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் வில்லுக்கான பணம் திரும்பி வந்தது. பில் வந்த 60 நாட்களுக்குள் எழுத வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். அம்புகளுக்கான பணம் இன்னும் வரவில்லை. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறேன். வில்லைத் திருப்பிக் கொடுக்கும்போது, லிம்ப் விரிசல் விட்டது, மறுபடி விற்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இந்த வட்டாரத்தில் சமீபத்தில் கிராஸ்போ வாங்கியவர்கள் உங்கள் சீரியல் எண்ணை இன்றே தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை அந்த வில்லில் நாண் ஏற்ற வேண்டாம்.