பிளாக் பண்ணுவதா, ரிப்போர்ட் போடுவதா?

கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் இருக்கும் என் சித்தி மகளுக்கு ராத்திரி 2:17க்கு ஒரு வாட்சப் வந்தது: "உங்க மூணாம் மாடி லைட்டு இன்னும் எரியலையே." திட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து படியேறும்போது எனக்குப் போன் போட்டு, கிரில்லைப் பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்கிறாள்.

சித்தி, "நம்பரை பிளாக் பண்ணிடு" என்றார். பண்ணினாள், கோபத்தில் பழைய மெசேஜையெல்லாம் அழித்தும் விட்டாள். மறுநாளே வேறு நம்பரில் வந்தான். பிளாக் பண்ணினால் கொஞ்சம் தூங்கலாம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆதாரத்தை அழித்ததுதான் தப்பு. 2023 மே 31 முதல், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் குறைந்தது இரண்டு தடவையாவது நடந்திருக்க வேண்டும். அந்த லைட்டு மெசேஜ்கூட கணக்கில் ஒன்று. தேதியும் நம்பரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒருவருக்கும் அனுப்பிவிட்டு, அப்புறம் பிளாக் பண்ணுங்கள்.

அண்ணன்மார், "நாலு பேராகப் போய் அவனிடம் பேசிக்கிறோம்" என்றார்கள். வேண்டவே வேண்டாம். அவன் முந்திக்கொண்டு ரிப்போர்ட் போட்டால் மிரட்டல் வழக்கு நம் பக்கம் திரும்பும்.

என் ஓட்டு போலீஸ் ரிப்போர்ட்டுக்குத்தான். எந்த நிலையத்திலும் போடலாம், நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். விசாரணை நடக்கும்போதே போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணை கேட்க முடியும். "போட்டு என்ன பிரயோசனம்" என்று கேட்பவர்களின் வலி புரிகிறது: 2024 ஜூலையில் இணையத் தொல்லைக்குப் பின் இங்கே ஒரு தமிழ்ப் பெண் இறந்தபோது, சம்பந்தப்பட்ட ஒருவருக்கு விழுந்தது வெறும் 100 ரிங்கிட் அபராதம். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்கென்றே (புல்லிங்) 507பி தொடங்கிப் புதுப் பிரிவுகள் அமலுக்கு வந்துவிட்டன.

தொல்லை பாலியல் சார்ந்தது என்றால், உதாரணத்துக்கு ஆபீஸ் மேலாளர் என்றால், பாலியல் தொல்லைக்கு எதிரான தீர்ப்பாயம் நல்ல வழி. வழக்கறிஞர் இல்லாமலே போகலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லும், 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடும் தரச் சொல்லும். ஆனால் படிக்கட்டில் நிற்பவனை அது இன்றைக்கே நிறுத்தாது.

அவன் கதவருகிலேயே நின்றால் அவசர எண் 999. பயத்தைச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.