லாரியா, குளோரின் மாத்திரையா, பம்ப் ஹவுஸா? போர் நடக்கும் ஊருக்குத் தண்ணீர் கொடுக்க எது சரிப்படும்?

தண்ணீர் நிவாரணம் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது லாரிதான். போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் அளவுகோலின்படி குடிக்க, சமைக்க, கழுவ என ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும். ஒரு லட்சம் பேர் வாழும் ஊருக்கு 15 லட்சம் லிட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் 150 நடை. டீசல் தேடி, சோதனைச் சாவடி தாண்டி, குண்டு விழுந்த சாலையில், அதுவும் தினமும்!

லாரி வந்தால் வரிசை நிற்கும், வரிசையே ஆபத்து. போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ முற்றுகையின்போது, 1993 ஜூலையில், டோப்ரின்யா பகுதியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் மேல் ஷெல் விழுந்து 12 பேர் இறந்தார்கள். அது லாரி வரிசை இல்லை, பம்பு முன்னால் நின்ற வரிசை, ஆனால் கேனோடு கூட்டமாக நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாட்டில் தண்ணீர் முதல் சில நாட்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும், பால் பவுடர் கலக்க வேண்டிய குழந்தைகளுக்கும் சரி. அதற்கு மேல் அதன் எடையைச் சுமந்து கட்டுப்படியாகாது.

மாத்திரை விஷயம் வேறு. 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, தெளிந்த தண்ணீர் 20 லிட்டர், அரை மணி நேரம், அவ்வளவுதான். ஒரு பையில் ஒரு தெருவுக்கே கொண்டுபோகலாம். ஆனால் கலங்கல் தண்ணீரில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், துணியில் வடிகட்டி இரட்டை அளவு போட வேண்டும். உப்பை அது எடுக்காது, கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி சில கிருமிகள் அதற்கு மசியாது. வாசனை பிடிக்காமல் கீழே ஊற்றிவிடுபவர்களும் உண்டு. அதைவிட, தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே ஓர் ஆள் நின்று, ஊசியில்லாத சிரிஞ்சில் குளோரின் கரைசலை அளந்து ஒவ்வொரு கேனிலும் விடுவது மேல் என்பது என் எண்ணம். உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பவரிடம் மாத்திரைக் கணக்கை ஒப்படைப்பது நியாயமில்லை. கேனும் வாய் குறுகியதாக, மூடியோடு இருக்க வேண்டும், கைவிட்டு மொள்ளும் வாளியில் சுத்தமான தண்ணீரும் கெட்டுப்போகும். இது சின்ன விஷயம் இல்லை. நீண்டகாலப் போர் நடக்கும் 16 நாடுகளை யுனிசெஃப் அலசியபோது (2019), ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் போர் வன்முறையில் இறப்பதைவிட, அசுத்தத் தண்ணீரும் சுகாதாரக் குறைவும் தரும் வயிற்றுப்போக்கில் இறக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் அதிகம் என்று தெரியவந்தது.

என்ன இருந்தாலும் மாத்திரை ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் கொண்டுவராது. அதனால் என் ஓட்டு பம்ப் ஹவுஸுக்கும் குழாய்க்கும். ஒரு மோட்டாரைச் சரிசெய்தால் ஒரு பகுதிக்கே தண்ணீர் ஓடும், வீட்டுக்குள்ளேயே, வரிசை இல்லாமல். சிக்கல் கரண்டில்தான். காஸாவின் தெற்கில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தினமும் 18,000 கன மீட்டர் கொடுத்துவந்தது. 2025 மார்ச்சில் இஸ்ரேல் மின்சாரத்தை நிறுத்தியதும் சுமார் 2,500ஆகச் சரிந்தது. சிரியாவின் அலூக் நிலையம் இன்னும் வினோதம்: 2019 அக்டோபருக்குப் பிறகு பம்புகள் துருக்கியும் அதன் கூட்டாளிகளும் பிடித்த பகுதியில், கரண்ட் வருவது எதிர்த்தரப்புப் பகுதியிலிருந்து. ஹசக்கா வட்டாரத்தில் அதை நம்பியிருந்த சுமார் 4,60,000 பேருக்குக் குழாய் அடிக்கடி நின்றுபோனது. குடிநீர் அமைப்புகளைத் தாக்கவோ முடக்கவோ கூடாது என்று 1977லேயே ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறை எழுதிவைத்தாயிற்று. எழுத்தில் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் தயவு வேண்டாம் என்றால் சரயேவோ முற்றுகையில் அமெரிக்க நிவாரண நிபுணர் ஃபிரெட் கியூனி செய்ததைப் பார்க்கலாம். சுத்திகரிப்புக் கருவிகளை விமானத்தில் இறக்கி, ஷெல் எட்டாத சாலைச் சுரங்கத்துக்குள் பொருத்தி, ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்தார். ஆனால் அப்படி ஒரு சுரங்கமும், இறங்க ஒரு விமான நிலையமும் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

நடுவழி ஒன்று உக்ரைனின் மிகோலாயிவில் நடந்தது. 2022 ஏப்ரலில் தினிப்ரோ ஆற்றிலிருந்து வரும் குழாய் உடைந்து, சுமார் ஒரு மாதம் ஊருக்கே குழாய்த் தண்ணீர் இல்லை. அப்புறம் கழிமுகத்து உப்புத் தண்ணீரையே குழாயில் விட்டார்கள், குடிப்பதற்கு மட்டும் மக்கள் கேனைத் தூக்கிக்கொண்டு விநியோக இடங்களுக்குப் போனார்கள். உப்பு குழாய்களை அரித்து, கசிவு பெருகியது. செலவு பெரிதுதான். இருந்தாலும் கழிவறைக்கும் தீயணைப்புக்கும் தண்ணீரே இல்லாமல் கிடப்பதைவிட, பிறகு குழாயை மாற்றிக்கொள்ளலாம் என்று எடுத்த அந்த முடிவு சரி என்றுதான் நான் சொல்வேன்.