கிட்ஹப் இஷ்யூவில் வலைப்பதிவு: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

தனி மென்பொருள் எதுவும் நிறுவாமல், நிரலாளர்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், ஒரு ரெப்போவின் (கோப்புக் களஞ்சியம்) இஷ்யூ பகுதியிலேயே (பிழைகளையும் கோரிக்கைகளையும் பதியும் இடம்) என் வலைப்பதிவை எழுதி வருகிறேன். ஒரு இஷ்யூ, ஒரு பதிவு. வகை பிரிக்க லேபிள். 'வெளியீடு' லேபிளை ஒட்டியதும் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப்பின் தானியங்கி வேலை வசதி) ஓடி, ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) வழியாகப் பதிவுகளை எடுத்துப் பக்கங்களாக்கி கிட்ஹப் பேஜஸில் (கிட்ஹப்பின் இணையதள வசதி) ஏற்றிவிடும்.

எழுதுவதற்கு இவ்வளவு லகுவான இடம் எனக்கு வேறு அமையவில்லை. உலாவி இருந்தால் போதும், படத்தை இழுத்துப் போட்டால் இணைப்பு தானே வந்துவிடும். தமிழ்த் தலைப்பை முகவரியாக்கினால் பகிரும்போது சதவீதக் குறிகளாக நீளுமே, அந்தத் தொல்லையும் இல்லை; இஷ்யூ எண்ணே முகவரி. புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அதே எண்வரிசைதான் என்பதால் நடுவில் எண்கள் விடுபடும். இஷ்யூ பட்டியலைக் கேட்டால் ஏபிஐ புல் ரிக்வெஸ்ட்களையும் சேர்த்தே தரும், வடிகட்டித்தான் ஆகவேண்டும். பொது ரெப்போவில் யார் வேண்டுமானாலும் இஷ்யூ திறக்கலாம்; ஆகவே திறந்தவர் நான்தானா என்றும் ஸ்கிரிப்ட் பார்க்கிறது.

வாசகரின் உலாவியே நேரடியாக ஏபிஐயை அழைக்கும்படி சிலர் அமைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டோக்கன் (கணக்கை அடையாளம் காட்டும் சாவி) இல்லாத அழைப்புகளுக்கு ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 தான் வரம்பு. ஒரே இணைய இணைப்பைப் பலர் பகிரும் இடத்தில் அது சீக்கிரம் தீர்ந்து, பக்கம் காலியாக நிற்கும்.

கவிதை எழுதுபவர்கள் கவனிக்க: இஷ்யூவில் என்டர் தட்டினால் வரி உடையும், வழக்கமான மார்க்டவுனில் (எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை) அடுத்த வரியோடு ஒட்டிக்கொள்ளும். பதிவைப் பக்கமாக மாற்றும் கருவியில் இதற்கான அமைப்பைப் போட்டுவிட வேண்டும்.

வரைவுதான் பெரிய குறை. பொது ரெப்போவில் இஷ்யூவைத் திறந்த நொடியே அது ஊருக்கே தெரியும். பின்தொடர்பவர்களுக்கு முதல் வடிவம் மின்னஞ்சலாகவும் போய்விடும். பிறகு திருத்தினாலும் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் கிடக்கும். சரி, தனிப்பட்ட ரெப்போவுக்குப் போகலாமென்றால், அங்கே இணைத்த படங்கள் அனுமதி இல்லாதவர்களுக்குத் திறக்காது. ஆகவே வரைவு மட்டும் என் கணினியில் சாதாரணக் கோப்பாக இருக்கிறது.

கருத்துச் சொல்லவும் கிட்ஹப் கணக்கு வேண்டும். நிரலாளர்கள் எழுதுகிறார்கள், மற்றவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள்.

அப்புறம், இஷ்யூக்கள் கிட்டுக்குள் (ரெப்போவின் கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இல்லை. ரெப்போவை குளோன் செய்தால் (முழு நகல் எடுத்தால்) நிரல் வரும், பதிவு ஒன்றுகூட வராது. அதனால் பக்கம் கட்டும் அதே ஆக்‌ஷன், ஒவ்வொரு பதிவையும் மார்க்டவுன் கோப்பாகவும் ரெப்போவில் கமிட் செய்கிறது (பதிந்து வைக்கிறது). படங்களையும் இறக்கி, இணைப்புகளை மாற்றி வைக்கிறது. இதைத் தொடங்குபவர்கள் லேபிளுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த பேக்கப்பை எழுதிவிடுங்கள்.