த்ரீடி படத்தைக் கொடுத்து ‘பிளான்’ என்று காசு வாங்குகிறார்கள், உஷார்

வீடு கட்ட இடம் வாங்கி வைத்துக்கொண்டு, “கனவு இல்லத்துக்கு இரண்டே நாளில் பிளான்” என்று போனில் வந்து விழும் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரைக்கு வெளியே மூன்று சென்ட் இடத்தில், கீழும் மாடியுமாக வீடு கட்ட அப்படி ஒரு நிறுவனத்திடம் பிளான் போடக் கொடுத்தோம். பேசிய தொகை 30,000 ரூபாய். அளவு போட்ட பிளான், த்ரீடி எலிவேஷன் (வீட்டின் முகப்புத் தோற்றம்), வீட்டுக்குள் நடந்து போவது மாதிரி வீடியோ, அனுமதிக்கான வரைபடம், பில்லர்-கம்பி விவரம் எல்லாம் அதில் அடக்கம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே தந்தார்கள். உருப்படியாக வந்தது வீடியோ ஒன்றுதான்.

வீடியோ பிரமாதம், அதை மறுக்க மாட்டேன். ஜன்னல் வழியாக வெயில் ஹாலில் விழுகிறது, ஊஞ்சல் தொங்குகிறது, சோபா பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் நாயே கிடையாது. குடும்பக் குரூப்பில் போட்டதும் சித்தப்பாவிலிருந்து கொழுந்தியாள் வரை ஆளாளுக்கு ஹார்ட் விட்டார்கள். மீதிப் பணத்தைக் கட்டினால்தான் அளவு போட்ட பிளான் தருவோம் என்றார்கள். கட்டினோம். பிடிஎஃப் வந்தது.

அதை மேஸ்திரியிடம் கொடுத்தோம். மார்க்கிங் போட நூல் கட்டுவதற்கு முன்னாலேயே அவர் கேட்டது இதுதான்: “அண்ணே, வெளிச்சுவரு நாலரையா?”

பார்த்தால் உள்சுவர், வெளிச்சுவர் எல்லாமே ஒரே கனம், நாலரை அங்குலம். இந்த வீட்டு டிசைன் சாஃப்ட்வேர்களில் பல, அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை வைத்துச் செய்தவை. அமெரிக்காவில் மூன்றரை அங்குல மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அடித்தால் நாலரை அங்குலச் சுவர். நாம் கனத்தை மாற்றிக் கொடுக்காவிட்டால் அது தன் கணக்கில் ஏதோ ஒரு கனத்தைப் போட்டுக்கொண்டு போகும். நம் ஊரில் வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. எங்கள் வீட்டின் வெளி அகலம் 22 அடி. குறுக்கே இரண்டு அறை. இரண்டு வெளிச்சுவரிலும் நாலரை நாலரையாக ஒன்பது அங்குலம் உள்ளே போய்விடுகிறது, பூச்சையும் சேர்த்தால் 11 அங்குலம். மனையடி பார்த்து 11 அடி வேண்டும் என்று சொல்லிப் போட்ட படுக்கையறை பத்தரைக்கு வந்துவிடும். “ரூமைக் குறைக்கவா, சுத்தி விடுற எடத்தைக் குறைக்கவா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கண்ணே” என்றார் மேஸ்திரி. சுற்றி விட வேண்டிய இடத்தில் கை வைத்தால் அது விதிமீறல்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பத்தடி என்று எழுதியிருந்த சுவரோடு ஒப்பிட்டு அளந்தால் படத்திலிருக்கும் டபுள் காட் நாலடிக்கு ஐந்தேகால் அடி. கடையில் விற்கும் குயின் சைஸ் கட்டில் ஐந்தடிக்கு ஆறேகால் அடி. அறை விசாலமாகத் தெரிவதற்காகக் கட்டிலைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேரில் எந்தப் பொருளையும் பிடித்து இழுத்துச் சின்னதாக்கலாம் என்பதால் இது நொடி வேலை. இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மாடிப்படி அதைவிட மோசம். தளத்துக்குத் தளம் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். படத்தில் இருப்பது 12 படி. ஒரு படி பத்தரை அங்குலம் உயரம்! முழங்கால் வலியோடு இருக்கும் எங்கள் அம்மா அதில் ஏறவே முடியாது. ஏழு அங்குலத்துக்கு ஒரு படி என்றால் 18 படி வேண்டும். நடுவில் திரும்பும் படிக்கட்டாக வைத்தாலும் பத்தடி நீளம் பிடிக்கும். இவர்கள் விட்டிருந்தது ஏழடிச் சொச்சம். மாடிக் கழிவறை கனகச்சிதமாகக் கீழே பூஜை அறைக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது. கார் நிற்கும் போர்டிகோ கூரை எட்டடி வெளியே நீண்டு நிற்கிறது, கீழே ஒரு பில்லர்கூட இல்லை. வீட்டிலேயே எங்கும் பில்லர் காட்டவில்லை. செப்டிக் டேங்க் இல்லை, தண்ணீர் சேர்த்து வைக்கும் தரையடித் தொட்டியான சம்ப் இல்லை. தமிழ்நாட்டில் 2003லிருந்து கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்பும் இல்லை.

போன் போட்டுக் கேட்டேன். “சாஃப்ட்வேர்ல அப்படித்தான் சார் வரும், சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.” பில்லர் விவரம்? “ஸ்ட்ரக்சுரல் தனி சார்ஜ் சார்.” அனுமதி வரைபடம்? “அதுக்கு லைசென்ஸ் இன்ஜினியர் கையெழுத்து வேணும், அதுவும் தனி.” ஆட்டோகேட் ஃபைலாவது கொடுங்கள், வேறு ஆளை வைத்துத் திருத்திக்கொள்கிறோம் என்றால் அது கம்பெனி ரகசியமாம்.

சாஃப்ட்வேரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்வீட் ஹோம் 3டி இலவசமாகவே கிடைக்கிறது. எந்தச் சுவர் ஓரம் பீரோ வைக்கலாம், கதவு திறந்தால் எதில் இடிக்கும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க அது நல்ல சாமான். ஆனால் எவ்வளவு கம்பி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. அதை வைத்துப் போட்ட படத்தைக் கட்டுமான வரைபடம் என்று விற்பதுதான் மோசடி.

இப்போது இதில் ஆபத்து கூடியிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்றுத் திட்டம் வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், கீழ்த்தளமோ அல்லது கீழும் முதல் மாடியுமோ என்றால் ஆன்லைனில் உடனடியாக அனுமதி. நல்ல திட்டம்தான். ஆனால் விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உறுதி கொடுப்பது நீங்கள், த்ரீடி படம் போட்டவர் இல்லை.

ஆகவே முழுத் தொகையைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள்: சுவர் கனத்தோடு அளவு போட்ட பிளான், வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் செக்‌ஷன், பில்லர் லேஅவுட், திருத்தக்கூடிய ஃபைல். கையெழுத்துப் போடப் போகும் பதிவு பெற்ற இன்ஜினியர் யார் என்று கேளுங்கள், அவரிடமே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டால் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் தளத்தில் பெயரைத் தேடலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு இல்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வேறொரு இன்ஜினியர் முதலிலிருந்து பிளான் போட்டுக்கொண்டிருக்கிறார். படம் போட்டுக் கொடுத்த அந்த நிறுவனத்தின் மேல் புகார் போயிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் போன செய்தி தெரிந்ததும் அவர்களிடமிருந்து சமாதானமாக ஒரு மெசேஜ் வந்தது: “சார், கோபப்படாதீங்க, உங்க எலிவேஷனுக்கு ஒரு நைட் வியூ ஃப்ரீயா பண்ணித் தரோம்.”