தின்னர் வாடை இல்லாத பட்டறை: ஒரு பவுடர் கோட்டிங் சேவை அனுபவம்

துருப்பிடித்த நான்கு இரும்பு நாற்காலிகளையும் ஒரு ஜன்னல் கிரில்லையும் பெயின்ட் அடிப்பதற்குப் பதிலாகப் பவுடர் கோட்டிங், அதாவது நிறத் தூளை ஒட்டவைத்துச் சூட்டில் உருக்கிப் பூச்சாக்கும் முறையில், செய்யக் கொடுத்தேன். பட்டறைக்குள் நுழைந்தபோது, ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் இடங்களில் மூக்கைத் துளைக்கும் தின்னர் வாடை அங்கே இல்லாததே முதலில் மனத்தில் பட்டது. தின்னரில் உள்ள டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் பெயின்ட் உலரும்போது காற்றில் கலந்து, வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து, நாம் சுவாசிக்கும் உயரத்திலேயே ஓசோனை உண்டாக்குகின்றன. பவுடரிலோ பிசின், நிறமி, இறுக்கும் பொருள் எல்லாமே திடநிலையில் இருப்பதால் ஆவியாகிப் போக வேண்டிய கரைப்பான் எதுவும் கிடையாது. மின்னூட்டம் பெற்ற தூள் எர்த் செய்யப்பட்ட இரும்பின்மேல் ஒட்டிக்கொள்ள, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஓவனில் அது உருகிப் பரவி இறுகுகிறது.

ஒட்டாமல் சிதறும் தூளை உறிஞ்சி, காற்றைச் சுழலவைத்துத் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் என்ற கருவியில் பிரித்து, சலித்து, புதுத் தூளோடு கலந்து மறுபடியும் பயன்படுத்த முடியும் என்பதே இம்முறையில் நான் பெரிதாக மதிக்கும் அம்சம். திரவப் பெயின்ட்டில் இலக்குத் தவறிய துளி கழிவுதான். ஆனால் விசாரித்தபோது, அடிக்கடி ஓடும் கறுப்பு, வெள்ளை நிறங்களுக்கு மட்டுமே இப்படிச் சேகரிப்பதாகவும், எப்போதாவது கேட்கப்படும் நிறங்களில் சிதறும் தூள் கழிவாகவே போவதாகவும் உரிமையாளர் மறைக்காமல் சொன்னார். அடர்பச்சை கேட்டிருந்த நான், அதைக் கேட்டதும் கறுப்புக்கு மாறிக்கொண்டேன். நிறத் தேர்வும் சுற்றுச்சூழல் முடிவுதான் என்பதை வாடிக்கையாளரிடம் அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய பெயின்ட்டை ரசாயனத்தில் ஊறவைக்காமல், இரும்புக் குருணைகளை வேகமாக மோதவைக்கும் ஷாட் பிளாஸ்டிங் மூலம் உதிர்த்தார்கள். அந்தக் குருணைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அடுத்து, பூச்சு நன்றாகப் பிடிக்க இரும்பைப் பாஸ்பேட் கரைசலால் பக்குவப்படுத்தும் குளியலின் கழிவுநீர் சாக்கடைக்குப் போகாமல் சுத்திகரிப்புத் தொட்டிக்குச் செல்வதையும் காட்டினார்கள். அலுமினியப் பொருள் கொடுப்பவர்கள், பூச்சுக்கு முன் அதைப் பக்குவப்படுத்தப் பட்டறையில் குரோமேட் பயன்படுத்துகிறார்களா என்று அவசியம் கேட்க வேண்டும், ஏனெனில் குரோமேட்டில் உள்ள ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதற்கு மாற்றாகச் சிர்கோனியம் அடிப்படையிலான முறைகள் இப்போது உள்ளன. அதேபோல் சில பாலியெஸ்டர் பவுடர்களில் இறுக்கும் பொருளாக உள்ள டிஜிஐசி (TGIC) என்ற ரசாயனம், மரபணுக்களைப் பாதிக்கக்கூடியது. இந்தப் பட்டறையின் பவுடர் பெட்டியில் அது இல்லை என்று அச்சிடப்பட்டிருந்தது எனக்கு நிம்மதியளித்தது.

ஓவன் குடிக்கும் எரிபொருள் இம்முறையின் உண்மையான பலவீனம். அரைகுறையாக நிரம்பிய ஓவனைச் சூடாக்காமல், மற்றவர்களின் பொருள்களும் சேரும்வரை காத்திருந்ததால் எனக்கு இரண்டு நாள் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை.

குறை என்றால், நாற்காலிச் சட்டங்களின் உள்மூலைகளில் பூச்சு மெலிந்திருந்ததுதான். மின்புலம் அத்தகைய இடுக்குகளுக்குள் எளிதில் புகாது என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. இரண்டு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபேச்சின்றி, கட்டணமும் கேட்காமல், பூச்சை முழுவதும் உதிர்த்து மீண்டும் செய்து தந்தார்கள். ஆனால் முதல்முறையே மூலைகளைச் சரிபார்த்திருந்தால், அந்தத் தூளும் ஓவனின் வெப்பமும் இருமுறை செலவாகியிருக்காது.