வழுக்கையாற்றுச் சுமைக் கணக்கு: எக்செலா, லோடெஸ்ட்டா, எக்ரெட்டா?

மாரியில் யாழ்ப்பாணத்து வழுக்கையாறு அராலிப் பக்கம் கடலேரிக்கு எவ்வளவு வண்டலும் தோட்டங்களில் இருந்து கழுவப்படும் நைத்திரேற்றும் கொண்டுபோகிறது என்று கணக்கிட வேண்டியிருந்தது. ஒரு நாளின் சுமையை, அதாவது ஆறு கொண்டுபோகும் பொருளின் நிறையை, காண்பது சுலபம். செக்கனுக்கு எத்தனை கன மீற்றர் ஓடுகிறது என்பதை லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதால் பெருக்கி, அதை 86.4 ஆல் பெருக்கினால் கிலோகிராம் வந்துவிடும். ஆனால் ஓட்டத்தைத் தினமும் அளந்தாலும் ஆய்வுகூட முடிவு ஒருசில நாட்களுக்குத்தான் கையில் இருக்கும். மிச்ச நாட்களை எப்படி நிரப்புவது என்பதில்தான் எக்செல், லோடெஸ்ட், எக்ரெட் என்ற இந்த மூன்று மென்பொருட்களும் பிரிகின்றன. நான் லோடெஸ்ட்டை எடுத்தேன், இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

காசைப் பற்றிப் பேசத் தேவையில்லை. எக்செல் எல்லோரிடமும் இருக்கிறது, மற்ற இரண்டும் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் இலவசமாகத் தருபவை.

எக்செலில் வழக்கமாகச் செய்வது, ஓட்டத்துக்கு எதிராகச் சுமையைக் குறித்து அடுக்கு வளைகோடு ஒன்றைப் போட்டு, அந்தச் சமன்பாட்டை எல்லா நாளுக்கும் பிரயோகிப்பது. பிரச்சினை இங்கேதான், அது சின்னப் பிரச்சினையும் இல்லை. அந்தக் கோடு மடக்கையில் பொருத்தப்பட்டது. அதை அப்படியே திருப்பி எடுத்தால் கிடைப்பது இடையம், சராசரி அல்ல, ஆகவே கூட்டிவரும் மொத்தச் சுமை பெரும்பாலும் குறைவாகவே வரும். எவ்வளவு குறைவு? மீதிகளின் (அளந்ததற்கும் கோடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசங்களின்) நியம விலகல் இயற்கை மடக்கையில் 1 என்று வைத்தால், அவை செவ்வன் பரம்பலில் இருக்கும்போது உண்மைச் சுமையில் ஏறத்தாழ 61 சதவீதம்தான் கணக்கில் வரும். வண்டல் தரவில் இந்தளவு சிதறல் அபூர்வமே இல்லை. கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் ஆர் வர்க்கம் 0.9 என்று வந்தாலும் இந்தப் பிழை போகாது. இதற்கான திருத்தக் காரணியை ஆய்வாளர்கள் டுவான் 1983 இலும் பெர்குசன் 1986 இலும் தந்துவிட்டார்கள், எக்செலில் ஒரு கலத்தில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை யாராவது நினைத்துப் போட வேண்டும்.

லோடெஸ்ட் அந்தத் திருத்தத்தைத் தானாகவே செய்கிறது. ஆய்வுகூடம் கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று வரும் முடிவுகளையும் பூச்சியமாகவோ பாதியாகவோ மாற்றாமல் முறைப்படி எடுத்துக்கொள்ளும். உள்ளீடு முழுவதும் சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒரு இடைவெளி தவறினாலும் ஓடாது, அது எரிச்சல்தான், ஆனால் பல வருடம் கழித்து வேறொரு பெடியன் வந்தாலும் திறந்து வாசிக்கலாம். தயாராக 11 சமன்பாடுகள் உண்டு, கேட்டால் தானே ஒன்றைத் தெரிவு செய்யும். நீர் மாதிரிகள் குறைவென்றால் தெரிவை அதனிடம் விடாதீர்கள், எளிய சமன்பாட்டோடு நில்லுங்கள், ஏனென்றால் வளைவும் பருவகாலமும் சேர்ந்த நீளமான சமன்பாடு பெருவெள்ள நாளில் எங்கேயோ போய்விடும். புதிய பதிப்புகள் சுமைச் சாய்வை, அதாவது கணித்த சுமை அளந்ததைவிட எவ்வளவு கூடவோ குறையவோ வருகிறது என்பதை, சதவீதமாக எழுதித் தரும். அது கூட்டியோ குறைத்தோ 25 ஐத் தாண்டினால் அந்தச் சமன்பாட்டைக் கைவிடச் சொல்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

எக்ரெட் அழகான கருவி. ஆர் மொழியில் ஓடும், படங்கள் அருமை, காலம் போகப் போக ஓட்டத்துக்கும் செறிவுக்கும் உள்ள உறவு மாறுவதைக்கூடக் காட்டும். அதனோடு உதாரணமாக வரும் அமெரிக்காவின் சொப்டாங்க் ஆற்றுத் தரவில் மட்டுமே ஓட்டிப் பார்த்தேன், எனவே எனது பேச்சை அந்தளவுக்கே எடுங்கள். ஆனால் அதன் முறை 200க்கு மேற்பட்ட மாதிரிகளும் சுமார் 20 வருடத் தரவும் உள்ள ஆறுகளை நினைத்து உருவானது, வழுக்கையாற்றுக்கு அப்படி ஒரு தொடர் நம்மிடம் இல்லை. தவிர, வருடத்தில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும் ஆற்றில் பூச்சியத்துக்கு மடக்கை எடுக்க முடியாது என்பதால், எல்லா நாளின் ஓட்டத்தோடும் சராசரியின் 0.1 சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. தொகை சின்னதுதான், ஆனாலும் தண்ணீரே இல்லாத நாளில் ஓட்டம் இருப்பதாக எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை.

வண்டலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெள்ளம் ஏறும்போது வரும் கலங்கல், அதே அளவு ஓட்டத்தில் இறங்கும்போது பெரும்பாலும் இருக்காது. சிறு வாய்க்கால்களில் இது சில மணித்தியாலத்தில் முடிந்துவிடுவதால் நாளுக்கொரு சராசரி ஓட்டத்தை வைத்து லோடெஸ்ட் அதைப் பிடிக்காது. கலங்கல்மானி பொருத்த வசதி இருந்தால் வண்டலுக்கு அந்தத் தொடர் பதிவை நேரடியாகக் கூட்டுங்கள், நைத்திரேற்றுக்கு லோடெஸ்ட்டை வையுங்கள்.