பிரான்ஸில் மோட்டார்ஹோம் பயணம்: சாப்பாட்டுக்கு என் ஓட்டு லாரிக்காரர் கடைக்குத்தான்

பிரான்ஸில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியான மோட்டார்ஹோமில் போகிறவர்களுக்கு அந்தச் சாப்பாட்டின் வாசல் வரைக்கும் போய்ச் சேருவதே பெரிய பாடு. ஏழு மீட்டர் நீளம், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம் உள்ள வண்டியை ஓட்டிக்கொண்டு பழைய ஊர் ஒன்றின் நடுவே நுழைந்து பாருங்கள். போகப் போகச் சந்து குறுகும், மேலே யார் வீட்டு பால்கனியோ நீட்டிக்கொண்டிருக்கும், கடைசியில் வண்டி நிறுத்துமிடம் கண்ணில் பட்டால் அதன் வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி. மிஷெலின் வழிகாட்டியில் பிப் கூர்மான் அடையாளம் வாங்கிய, நியாயமான விலைக்கு அருமையாகச் சமைக்கிற உணவகம் அந்தக் கம்பியைத் தாண்டி இருநூறு மீட்டரில் இருக்கும், ஆனாலும் நமக்கு எட்டாது. அதனால் இந்த மாதிரிப் பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது நிறுத்த இடம், அப்புறம்தான் சமையல். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிற கடைகள் பிரான்ஸில் பல வருஷமாக இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லே ரூத்தியே என்று பெயர். சாலையோரம் சிவப்பும் நீலமுமாக ஒரு வட்டப் பலகை தொங்கினால் அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கடை. 1934-ல் லாரி ஓட்டுநர்களுக்காக அதே பெயரில் தொடங்கிய ஒரு பத்திரிகையில் இருந்து வளர்ந்தது இது. ஓட்டுநருக்கு வயிறு நிறைய, கைக்கு அடக்கமான விலையில் சாப்பாடு போடுகிற கடைகளை அடையாளம் காட்டுவது அதன் வேலை. முன்பு ஆயிரக்கணக்கில் இருந்த கடைகள் இப்போது சில நூறாகக் குறைந்துவிட்டன. காரணம் எளிது: சுங்கச் சாலைகள் வந்து லாரிகளை இழுத்துக்கொண்டன, பழைய நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின. பாரிஸில் இருந்து இத்தாலி எல்லையில் உள்ள மாந்தோன் வரை போன N7 என்ற தேசிய நெடுஞ்சாலையைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன், ஒரு காலத்தில் கோடை விடுமுறைக்கு நாடே அதில்தான் தெற்கே போனது, 2006 வாக்கில் அதன் பெரும்பகுதி டிபார்ட்மென்ட் எனப்படும், நம் மாவட்டம் மாதிரியான பகுதி நிர்வாகங்களின் கைக்குப் போய் எண்ணும் மாறிவிட்டது. ஆனால் நம்மைப் போல சுங்கம் கட்டாமல், அவசரப்படாமல், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களின் வழி அந்தப் பழைய சாலைகள்தான். கடைகளும் அங்கேதான் மிச்சம் இருக்கின்றன.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்? நாற்பது டன் லாரி திரும்புகிற அளவுக்கு முற்றம் இருப்பதால் நம் வண்டிக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. கதவைத் திறந்ததும் ஒரு சுவரோரமாக ஆரம்ப உணவு மேசை: துருவிய கேரட், கடுகு கலந்த சாஸில் பிசறிய செலரிக் கிழங்கு, பீட்ரூட், மயோனைஸ் போட்ட அவித்த முட்டை, சார்டின் மீன், பாத்தே என்ற அரைத்த இறைச்சி. தட்டை எடுத்து நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான், யாரும் அளவு பார்ப்பதில்லை. அப்புறம் உட்கார்ந்தால் அன்றைய உணவு, அதாவது பிளா து ஜூர், இரண்டு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கன்றிறைச்சி வெள்ளைக் குழம்பு, பயறோடு வெந்த சாசேஜ், ரெட் ஒயினில் ஊறிய மாட்டிறைச்சி, இப்படி எதுவாவது இருக்கும். அது முடிந்தால் சீஸ் தட்டு வரும், அப்புறம் இனிப்பு, அப்புறம் காபி. பல கடைகளில் கால் லிட்டர் ஒயினும் அதே விலையில் அடக்கம். எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 15 முதல் 18 யூரோவுக்குள் முடிந்துவிடும். ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீர் ஜாடிக்கும் பிரான்ஸில் எந்த உணவகத்திலும் தனிக் காசு இல்லை, பரிமாறும் கட்டணமும் சட்டப்படி விலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. போர்டில் எழுதியிருக்கிற தொகைதான் பில்.

எனக்கு இந்தக் கடைகளில் ரொம்பப் பிடித்தது இனிப்புதான் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. பாலும் முட்டை மஞ்சளும் வெனிலாவும் சேர்த்துக் காய்ச்சிய மெல்லிய கஸ்டர்டின் மேல், பஞ்சு மாதிரி அடித்த வெள்ளைக்கரு மிதக்கும், அதன் தலையில் கொஞ்சம் கேரமல். கடையில் வாங்கி வைத்ததா, காலையில் அடித்ததா என்பது முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும்: வாங்கியது ரப்பராக இழுக்கும், அடித்தது வாயில் வைத்ததும் ஒன்றும் இல்லாமல் போகும். இதைச் சரியாகச் செய்கிற கடையில் குழம்பும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

நேரம் மிக முக்கியம். பன்னிரண்டு மணிக்கு அடுப்பு தயார், பன்னிரண்டே காலுக்குள் உட்கார்ந்துவிட்டால் நல்லது, ஒன்றரைக்கு மேல் போனால் பிளா து ஜூர் தீர்ந்திருக்க நிறைய வாய்ப்பு. இரண்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள், அதற்கு அப்புறம் கெஞ்சியும் பயனில்லை. பரிமாறுகிற வேகத்தைப் பார்த்தால் நம்மை விரட்டுகிறார்களோ என்று தோன்றும். அப்படியில்லை. ஐரோப்பிய விதிப்படி லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், அந்த 45 நிமிடத்துக்குள் ஆரம்பம் முதல் காபி வரை முடிய வேண்டும் என்று கடைக்காரர்கள் பழகிவிட்டார்கள். நாம் மெதுவாகச் சாப்பிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வாரக் கடைசியில் இந்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருப்பதற்குக் காரணமும் லாரிகள்தான்: 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகள் சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை ஓடக் கூடாது. வாடிக்கையாளரே வராதபோது யாருக்காகத் திறந்து வைப்பார்கள்? ஆக திங்கள் மதியம் முதல் வெள்ளி வரை நம்பலாம், சனியன்று போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சாப்பிடாதவர்கள் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். கஷ்டம்தான், மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் போடும் வழக்கம் பல கடைகளில் இன்னும் இருக்கிறது, மற்ற நாட்களில் கோழி இருக்கிறதா என்று கேட்கலாம். சைவம் என்றால் ஆரம்ப மேசையில் பாதி நமக்கானது, அதற்கு மேல் முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஆம்லெட்டும் பச்சைக் கீரை சாலடும் செய்து தருவார்கள். ஆனால் பயறு, முட்டைக்கோஸ் என்று நம்பிக்கையோடு வாங்கிவிடாதீர்கள், துண்டு போட்ட பன்றிக் கொழுப்பு அதற்குள் இருக்கும், அது இல்லாமல் பயறு வெந்ததாக அவர்கள் கணக்கில் வராது. சுத்த சைவக்காரர்கள் இந்தக் கடைகளை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுக்கு பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரித்தானிப் பக்கம் நிறைய உண்டு. அங்கே கருங்கோதுமை மாவில் மெல்லிசாக வார்த்த உப்பு கலெத், சீஸும் காளானும் வைத்து மடித்துத் தருவார்கள், பார்த்ததும் நம் ஆட்கள் முகம் மலர்ந்துவிடும்.

இரவுக்கும் இதே முற்றத்தில் தங்கலாமா என்றால், சாப்பிட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சரி என்கிறார்கள். ஓரமாக நிறுத்துங்கள், நீளமான இடங்களை லாரிகளுக்கு விட்டுவிடுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்து சேருகிற ஓட்டுநருக்கு வேறு போக்கிடம் இல்லை. பல கடைகளில் ஓட்டுநர்களுக்கென்று குளியலறை இருக்கும், சிறு கட்டணத்தில் நமக்கும் கிடைக்கும், வண்டியின் தண்ணீர்த் தொட்டி மிச்சம். குறை என்னவென்றால் குளிர்சாதன லாரி பக்கத்தில் வந்து நின்றால் இரவு முழுக்க அதன் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். லேசாகத் தூங்குகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது மேல். இன்னொன்று, ஒயின் விலையில் அடக்கம் என்பதற்காக வண்டி ஓட்டுகிறவர் அதைத் தொட வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது வரம்பு, புது உரிமம் என்றால் 0.2 தான்.

மலைப் பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் பக்கமும் போகும்போது கதை மாறிவிடும், லாரி இல்லாத இடத்தில் லாரிக்காரர் கடையும் இருக்காது. அங்கே எனக்குக் கை கொடுத்தது ஃபிரான்ஸ் பாசியோன். 1993-ல் தொடங்கிய திட்டம். வருஷச் சந்தா கட்டினால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், ஒயின் தயாரிப்பாளர்கள், சீஸ் செய்கிறவர்களின் இடத்தில் 24 மணி நேரம் காசில்லாமல் நிறுத்தலாம். கழிப்பறை, தண்ணீர் எல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும், எதையும் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்காமல் வருவதுதான் சிரமம்! இவர்களில் சிலர் ஃபெர்ம் ஓபெர்ஜ் நடத்துகிறார்கள், அதாவது பண்ணையில் விளைந்ததை வைத்துப் பண்ணையிலேயே சமைத்துப் போடுகிற சாப்பாட்டு வீடு. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வாசலில் வந்து நின்று பசிக்கிறது என்றால் நடக்காது, எத்தனை பேர் என்று தெரிந்துதான் அடுப்பை மூட்டுவார்கள்.

இந்த வகையில் கிழக்குப் பிரான்ஸின் வோஜ் மலையில் மன்ஸ்டேர் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள பண்ணைகளை நான் முதலிடத்தில் வைப்பேன். கோடையில் மாடுகளோடு மேலே ஏறி சீஸ் செய்கிற மார்கேர் என்ற மேய்ப்பர்களின் சாப்பாடு அங்கே கிடைக்கும். முதலில் பன்றி இறைச்சியை மாவுக்குள் பொதிந்து சுட்ட சூடான பண்டம். அடுத்து வருவதுதான் விசேஷம்: உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவி, வெங்காயம், வெண்ணெய், புகையூட்டிய கொழுப்போடு கனமான இரும்புச் சட்டியில் அடுக்கி, மூடி போட்டு மணிக்கணக்கில் வேக விடுகிறார்கள். அடியில் உள்ள கிழங்கு பொன்னிறமாகப் பிடித்திருக்கும், மேலே உள்ளது குழைந்திருக்கும், சுரண்டி எடுக்கும்போது இரண்டும் கலந்து வரும். பக்கத்தில் புகையூட்டிய பன்றிக் கழுத்திறைச்சியும் புளிப்பான பச்சை சாலடும், அப்புறம் மன்ஸ்டேர் சீஸ், அதன் வாடைக்கு முதலில் கொஞ்சம் பின்வாங்கினாலும் வாயில் மென்மையாக இருக்கும். கடைசியில் மலையில் விளையும் நீலப்பழம் வைத்த டார்ட். இதை மத்தியானம் சாப்பிட்டவர் ராத்திரி வண்டியில் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டார். பண்ணைகள் இருக்கும் மலைமுகட்டுச் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடப்படும், அதனால் மே முதல் அக்டோபர் வரைக்குள் திட்டமிடுங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தேவாலயத்துக்கு எதிரே சதுக்கத்தில் படம் போட்ட மெனு அட்டை வைத்துக்கொண்டு, பீட்ஸா முதல் வாத்து வரை அறுபது வகை சமைக்கிறோம் என்கிற ஒரு கடையில் 20 யூரோவுக்கு மேல் கொடுத்து, உள்ளே இன்னும் சில்லென்று இருந்த லசாஞ்ஞா சாப்பிட்டோம், செயலியில் அதற்கு நட்சத்திரங்கள் குவிந்து கிடந்தன. பார்க்ஃபோர்நைட் போன்ற செயலிகளை நிறுத்துமிடம் தேடத்தான் நான் நம்புகிறேன், சாப்பாட்டுக்கு இல்லை. குட்டி மெனுவாக, கரும்பலகையில் கையால் எழுதி, தினமும் அழித்து எழுதுகிற கடை என்றால் தைரியமாக உட்காரலாம். பாத்திரத்தின் மேல் கூரை வைத்த மாதிரி ஒரு சின்னம் மெனுவில் இருந்தால், அந்த உணவைப் பச்சைப் பொருளில் இருந்து அங்கேயே சமைத்தார்கள் என்று அர்த்தம், 2014-ல் வந்த விதி அது. ஆனால் உறைந்த மீன், உறைந்த காய்கறிகளை வாங்கிச் சமைத்தாலும் அந்தச் சின்னத்தைப் போடலாம், ஆகவே அது ஒரு துணைச் சாட்சி மட்டும்தான். மதியம் ஒரு மணிக்கு உள்ளே வேலை உடுப்போடு நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எனக்கு அதுவே பெரிய சாட்சி.

கடலோரத்தில் உணவகமே தேவையில்லாத இடங்களும் உண்டு. பிரித்தானியில் உள்ள கான்கால் துறைமுகத்தின் ஓரத்தில் சிப்பி விற்கிற கடைகளில் டஜன் கணக்கில் வாங்கினால் அங்கேயே திறந்து எலுமிச்சையோடு தட்டில் தருவார்கள், கீழே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு சிப்பி ஓடுகளைக் கரையிலேயே போட்டுவிடலாம், அங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மோன் சாங் மிஷேல் என்ற பாறைத் தீவு மடாலயம் தெரியும். வண்டியை மட்டும் ஊருக்கு வெளியே மேட்டிலேயே விட்டுவிட்டு நடந்து இறங்குங்கள்.

மிச்சம் இருப்பது ஞாயிறு. லாரிக்காரர் கடை மூடியிருக்கும், நல்ல உணவகங்களில் பலவும் ஞாயிறு இரவும் திங்களும் லீவு. அதனால் ஞாயிறு காலையில் சந்தை கூடுகிற ஊராகப் பார்த்து முந்தின நாளே போய்ச் சேருவது எங்கள் வழக்கம். கோழி சுடுகிற வண்டி எந்தச் சந்தையிலும் இருக்கும், கம்பியில் சுற்றுகிற கோழிகளில் இருந்து சொட்டுகிற கொழுப்பிலேயே கீழே தட்டில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும், அந்தக் கிழங்கைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். சாதாரண வண்டி நிறுத்துமிடத்தில் மேசை நாற்காலியை வெளியே விரிப்பது தடை, உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், அல்லது ஆற்றோரப் பிக்னிக் மேசை எதையாவது தேடிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்குப் போனால் கோழி தீர்ந்திருக்கும். பத்து மணிக்கே ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டு, ரொட்டியும் சீஸும் தக்காளியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்.